பத்து நிமிடத்துக்கு ஒருமுறை

கோபிநத்தம் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கேட்கும் அடுத்த கேள்வி வீரப்பனைப் பற்றியதாகத்தான் இருக்கும். பழைய மைசூர் மாவட்டத்தில் கொள்ளேகால் பக்கம் இருந்த ஊர். 1997க்குப் பிறகு சாமராஜநகர் மாவட்டம். சுற்றிலும் காவிரி வனவிலங்கு சரணாலயம், வீட்டுக்குள் தமிழ். சர்வர்களுக்கு நாடி பிடிக்கும் தொழிலில் இருக்கிற எனக்கோ அந்த வட்டாரத்தில் பெரிய பெயர் பிலிகுண்டுலு. ஒகேனக்கல்லுக்கு மேலே, ஆற்றின் தமிழ்நாட்டுக் கரையில், மத்திய நீர்வள ஆணையம் காவிரியை அளக்கும் இடம். காலை எட்டு மணிக்கு நீர்மட்டம் பார்த்தாக வேண்டும். வெள்ளக் காலத்தில் மணிக்கு மணி. குறித்த நேரத்தில், குறித்த அளவை, ஆற்றைத் தொந்தரவு செய்யாமல் எடுத்து எழுதி வைப்பது. குறித்த நேரத்தில் சர்வர் வேலைகளை ஓட்டிவிடும் கிரானுக்கு வரி எழுதிப் பழகிய எவருக்கும் அந்த நிலையத்தின் வேலை அந்நியமாகத் தோன்றாது.

அங்கே முதலில் ரசிக்க வேண்டியது எதை அளக்காமல் விடுகிறார்கள் என்பதை. செய்தித்தாளில் வரும் ‘வினாடிக்கு இத்தனை கன அடி’யை மணிக்கு மணி யாரும் நேராக அளப்பதில்லை. அதை நேராக அளக்க வேண்டுமென்றால் ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழம் பார்த்து, மேலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்குக்கு வேகமானியை இறக்கி, வேகத்தைப் பரப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். உடம்பு நோகும் வேலை. வெவ்வேறு மட்டங்களில் இதைச் செய்து வைத்துக்கொண்டால், இன்ன மட்டத்துக்கு இன்ன ஓட்டம் என்று ஒரு வளைகோடு கிடைத்துவிடும். அதற்குப் பிறகு அளவுகோலில் மட்டத்தைப் பார்த்தால் போதும், மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். அடிக்கடி எடுக்கும் அளவு மலிவாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கலையின் முதல் இலக்கணம்.

லினக்ஸ் சர்வர்களில் செபாஸ்டியன் கோடார் எழுதிய சிஸ்ஸ்டாட் இதே இலக்கணத்தில் அமைந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன நிரல் எழுந்து, கெர்னல் ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கும் மொத்தங்களை, அதாவது பூட் ஆனதிலிருந்து சிபியு எவ்வளவு நேரம் உழைத்தது, டிஸ்க்கில் எத்தனை முறை எழுதப்பட்டது என்பவற்றை, அப்படியே நகலெடுத்துக் கோப்பில் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறது. கழித்தல் வகுத்தல் எல்லாம் பின்னால், நாம் ‘ஸார்’ கட்டளை கொடுத்துப் படிக்கும்போது. ஒரு மொத்தத்திலிருந்து முந்தைய மொத்தத்தைக் கழித்து நேரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும். எடுக்கும்போது சோம்பேறியாகவும் படிக்கும்போது சுறுசுறுப்பாகவும் இருக்கத் தெரிந்த வடிவமைப்பு. சர்வர் மூச்சுத் திணறும் நேரத்தில்தான் அளவு நமக்கு மிகவும் தேவை. அந்த நேரத்தில் அளப்பவனே மூச்சை முட்டக்கூடாது.

ரெட் ஹாட் வகை லினக்ஸ்களில் பல காலம் இருந்த கிரான் வரி ‘*/10 * * * *’ என்று தொடங்கும். பூஜ்யம், பத்து, இருபது. டெபியன்காரர்கள் எழுதியது ‘5-55/10 * * * *’. ஐந்து, பதினைந்து, இருபத்தைந்து. எனக்கு இரண்டாவதுதான் அழகு. பேக்கப், லாக் சுழற்சி, அறிக்கை மெயில் என்று மனிதர்கள் கையால் எழுதும் வேலைகளெல்லாம் மணி அடித்ததும் பூஜ்யமாவது நிமிடத்தில்தான் வந்து மோதும். மொத்தங்களைக் கழித்துப் பார்க்கும் அளவுகளுக்கு இது பெரிய விஷயமில்லை, இடையில் நடந்தது எல்லாம் கழித்தலுக்குள் வந்துவிடும். காத்திருக்கும் வரிசையின் நீளமும் மிச்சமிருக்கும் மெமரியும் அப்படியல்ல. எடுக்கும் அந்தக் கணத்தின் படம் மட்டுமே கிடைக்கும். எப்போதும் நெரிசலில் படம் எடுத்தால் ஊரே நெரிசலாகத்தான் தெரியும்.

டெபியன் கோப்பில் இன்னொரு வரியும் உண்டு: 23 மணி 59 நிமிடத்துக்கு ஒரு தனி ஓட்டம், அறுபது நொடி இடைவெளியில் இரண்டு அளவுகள். இன்றைய கணக்கை மூடி நாளைய கணக்கைத் திறக்க. நாள் மாறும் இடத்தில் ஓட்டை விழக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

நாள் எங்கே மாறுகிறது என்பது நம் ஊரில் கொஞ்சம் வேடிக்கையான கேள்வி. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது. ஏன் இந்த அரை மணி என்று யோசிப்பவர்களுக்கு, உலகப் பொது நேரத்தில் அது சரியாக மூன்று மணி. சர்வர் கடிகாரத்தைப் பொது நேரத்தில் வைத்திருந்தால் அதன் புது நாள் நமக்கு விடியற்காலை 5.30க்குப் பிறக்கிறது. நள்ளிரவில் நடந்த கோளாறை இன்றைய கோப்பில் தேடிக் களைத்துவிட்டு, அது நேற்றைய கோப்பில் பத்திரமாக இருப்பதைக் கண்டு அசடு வழிந்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

கிரானின் ஐந்து கட்டங்களில் ஒளிந்திருக்கும் குறும்புகளை ரசிக்கத் தெரிந்தவர்தான் நல்ல கைகாரர். நிமிடக் கட்டத்தில் ‘*/7’ என்று போட்டால் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் என்று தோன்றும். 49, 56, அதற்குப் பிறகு பூஜ்யம். அந்த ஒரு இடத்தில் இடைவெளி நான்கே நிமிடம். தேதியையும் கிழமையையும் சேர்த்துக் குறித்தால் இரண்டும் பொருந்தும் நாளில் மட்டும் ஓடாது, எது பொருந்தினாலும் ஓடும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்கு என்று எழுதியது எல்லா வெள்ளியும் எல்லா 13உம் ஓடிக்கொண்டிருக்கும். 1987இல் பால் விக்ஸி எழுதிய கிரானின் வாரிசுகள் இன்றும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

இடைவெளிக்கு வருவோம், ருசி இருப்பது அங்கேதான். ரயில் டிக்கெட் தளத்தில் ஏசி வகுப்புக்கான தட்கல் காலை பத்து மணிக்குத் திறக்கிறது; மற்றதற்குப் பதினொன்று. அப்படி ஒரு கூட்டத்தைச் சந்திக்கும் சர்வர் ஒரு நிமிடம் நூறு சதவீதம் திணறி, மற்ற ஒன்பது நிமிடம் பத்து சதவீதத்தில் ஓடியது என்று வையுங்கள். பத்து நிமிடச் சராசரி 19 சதவீதம். அறிக்கையைப் படிப்பவர் சர்வர் சும்மா இருந்ததாகச் சொல்வார். அதற்காக நொடிக்கு ஒருமுறை அளந்தால் ஒரு நாளைக்கு 144 அளவுகள் இருந்த இடத்தில் 86,400. யார் படிப்பது? எச்சரிக்கை மணிக்குப் பதினைந்து நொடி, வரலாற்றுக்குப் பத்து நிமிடம் என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்வதுதான் என் கட்சி.

1995இல் டோபியாஸ் ஓட்டிக்கர் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு பல்கலைக்கழகத்தின் 64 கிலோபிட் இணைய இணைப்பு எப்படி நிரம்புகிறது என்று பார்க்க எம்ஆர்டிஜியை எழுதியபோது பிடித்த இடைவெளி ஐந்து நிமிடம். பின்னால் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு சோதனை வந்தது. நெட்வொர்க் கருவிகளில் கடந்துபோகும் பைட்டுகளை எண்ணும் 32 பிட் எண்ணி நிரம்பியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். நூறு மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் அது நிரம்ப 343 நொடி. ஐந்து நிமிடம் என்பது 300. மயிரிழையில் தப்பிக்கிறது. ஜிகாபிட் வந்தபோது 34 நொடியில் நிரம்பியது. இரண்டு அளவுகளுக்கு நடுவே எண்ணி எத்தனை முறை சுற்றியது என்று தெரிய வழியில்லை. 64 பிட் எண்ணிகள் வந்தபின்தான் நிம்மதி.

இடைவெளியில் இன்னொரு சூட்சுமம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால், எப்போதும் அதைப் பார்ப்பீர்கள், அல்லது ஒருநாளும் பார்க்க மாட்டீர்கள். லினக்ஸ் கெர்னல் தன் சுமைச் சராசரிக்கு எடுக்கும் அளவு ஐந்து நொடிக்கு ஒருமுறை என்பார்கள். நிரலைத் திறந்து பார்த்தால் ஐந்து நொடியோடு கடிகாரத்தின் ஒரே ஒரு துடிப்பைக் கூட்டியிருக்கிறார்கள். மற்ற வேலைகளோடு தாளம் ஒத்துப்போகாமல் இருக்க, வேண்டுமென்றே ஒரு சிறு பிசகு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத வரி அது. பல நூறு சர்வர்கள் ஒரே நொடியில் அளவை அனுப்பி மையத்தைத் திணறடிக்காமல் இருக்க சிஸ்டம்டி டைமரில் தற்செயல் தாமதம் வைக்கலாம். சர்வர்களைத் தட்டித் தட்டி அளவு சேகரிக்கும் புரோமிதியஸ் ஒவ்வொரு இலக்குக்கும் தனித்தனி நேரத் தள்ளல் கொடுத்துத் தானே பரப்பிக்கொள்கிறது.

எடுத்த அளவுகளை எப்படிச் சுருக்கி வைப்பது என்பதில் காவிரி வழக்கே பெரிய பாடம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று தீர்த்தது. ஆண்டுக் கணக்கு மட்டும் இருந்தால் ஐப்பசி அடைமழையில் வந்து கொட்டும் வெள்ளத்தையும் சேர்த்துக் கணக்கை நேர் செய்துவிடலாம். குறுவைக்காரருக்கு அதனால் என்ன பயன்? அதனால்தான் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 என்று மாத அட்டவணை. அதற்குள்ளும் பத்து நாள் தவணை. ஓட்டிக்கரின் அடுத்த படைப்பான ஆர்ஆர்டிடூல் 1999இல் செய்ததும் இதுதான். கோப்பின் அளவு வளரவே வளராது. புதியவை நுணுக்கமாக இருக்கும், பழையவை மணியாகவும் நாளாகவும் திரண்டுவிடும். சுருக்கும்போது சராசரியை மட்டும் வைத்தால் உச்சங்கள் கரைந்துபோகும். அதிகபட்சத்துக்கும் ஒரு வரிசை தனியாக வைப்பவரே விஷயம் தெரிந்தவர்.

இத்தனையையும் விட நான் மதிப்பது, அளவு கிடைக்காதபோது ஒரு கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதை. ஆறு வறண்டு பூஜ்யம் என்பது வேறு, அளவு எடுக்கப்படவில்லை என்பது வேறு. அவசரத்தில் எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் இரண்டையும் பூஜ்யம் என்றே எழுதிவிடும், வரைபடம் நேர்த்தியாகப் பொய் சொல்லும். ஆர்ஆர்டிடூல் ‘தெரியாது’ என்பதைத் தனி மதிப்பாகவே வைத்திருக்கிறது. ஒரு மணி நேரத்தின் அளவுகளில் எத்தனை பங்கு ‘தெரியாது’ ஆனால் அந்த மணி முழுவதையும் ‘தெரியாது’ என்று எழுதலாம் என்பதையும் நாமே குறிக்கலாம், வழக்கமாகப் பாதி.

ஆனால் செத்துப்போன சர்வர் தான் செத்ததைத் தானே எழுத முடியாது. இரண்டு மாநிலங்களும் தங்கள் தங்கள் கணக்கை வைத்திருந்தாலும் பிலிகுண்டுலுவில் மத்திய ஆணையத்தின் ஆள் பார்க்கும் எண்தானே செல்லும்? அதுபோல வெளியே நிற்கும் ஒருவர் வேண்டும். புரோமிதியஸ் ஒவ்வொரு முறை தட்டும்போதும் கதவு திறந்ததா இல்லையா என்பதையும் ஒன்று, பூஜ்யம் என்று ஓர் அளவாகவே பதிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் சிஸ்ஸ்டாட் மறுபடி எழுந்ததும் தன் பங்குக்கு ‘லினக்ஸ் ரீஸ்டார்ட்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தொடரும். விழுந்தது ஏன் என்று தேடுகிறவர் அந்த வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும்: கடைசிப் பத்து நிமிடத்தில் மெமரி, அதற்கு முந்தைய பத்தில் ஸ்வாப், அதற்கும் முன்னால் டிஸ்க் வரிசை.