பள்ளிவாசலின் வாசல்

சிங்கப்பூர்ச் சிற்றிந்தியாவில் டன்லப் தெருவில் உள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலைச் ‘சாரசெனிய பாணி’ என்னும் ஒரு சொல்லால் சுட்டி அமைவது வழிகாட்டி நூல்களின் வழக்கம். அச்சொல் ஐரோப்பியர் இட்ட பொதுப்பெயர். கட்டியவர் கருத்தை அது உணர்த்தாது. அதனை அறிய விழைவார் வாயிலின்முன் நிற்றல் வேண்டும்.

தென்னிந்திய வணிகரும், அருகிலிருந்த குதிரைப்பந்தயத் திடலில் பணிபுரிந்த பாவியன் தீவினரும் தொழுவதற்கென 1859இல் இங்கு ஒரு மரப்பள்ளி எழுந்தது. இன்றைய கட்டடப் பணி 1907இல் தொடங்கிற்று. உரோமானியத் தூண்கள், பல்லிதழ் வளைவுகள், கூரைவிளிம்பில் அணிவகுக்கும் சிறு கோபுரங்கள் எனப் பல அணிகள் இங்குக் கூடியுள்ளன. தனித்தனியே அவை அழகியவையே. ஒருங்கு நோக்குங்கால் நெருக்கம் மிகுந்து கண்ணை அலைக்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை.

அக்குறையை மறக்கச் செய்வது தலைவாயிலின் மேலுள்ள கதிரவன் வடிவம். அதன் கதிர்கள் இருபத்தைந்து. ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தணியாகப் பொறிக்கப்பட்டுள்ளது. உயிர்களின் உருவத்தைத் தொழுமிடத்தில் தீட்டாத மரபு, எழுத்தையே உருவாக்கிக் கொண்டது. அலங்காரமெனக் கடந்து செல்வோர் ஒரு நூலைப் படியாது அட்டையை மட்டும் பார்த்தவராவர்.

கலைத்திறன் அனைத்தையும் வாயிலில் குவிப்பது இசுலாமியக் கட்டடக் கலையில் புதுமையன்று. துருக்கியில், செல்ஜூக்கியர் மேலாண்மையின்கீழ் ஆண்ட சிற்றரசர் அகமது ஷா காலத்தில், 1228-29இல் தொடங்கப்பட்ட திவ்ரீயிப் பெரும்பள்ளியை நோக்குக. சுவர்கள் வெறுமையாக நிற்க, வாயில்களில் மட்டும் கல் கொடியாகவும் மலராகவும் புடைத்தெழுகிறது. அதற்கும் டன்லப் தெருவுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்பது கருத்தன்று. புகுமிடமே பேசுமிடம் என்னும் உணர்வு இரண்டிற்கும் பொது. ‘பள்ளிவாசல்’ என்று வாசலைச் சேர்த்தே வழங்கும் தமிழுக்கு இது வியப்பாகாது.

இவ்வுணர்வைத் தமிழ் மரபில் காண விரும்புவோர் சவுத் பிரிட்ஜ் சாலைக்குச் செல்லலாம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல் அங்கு உள்ளது. இன்றைய கட்டடம் 1830-35இல் அமைந்தது. அடுக்கடுக்காக உயரும் இரு எண்பட்டைக் கோபுரங்களும், அவற்றிடையே சிறு மாடங்களும் சாளரங்களும் செறிந்த முகப்பும் தென்னாட்டுக் கைவண்ணம். உள்ளே தொழுகைக்கூடமோ எளிய மேலைநாட்டுத் தூண்களால் ஆயது. வாயில் தெருவின் போக்கிற்கு இசைந்து நிற்கிறது. கூடம் அதனின்று சற்றே கோணி, மக்காவை நோக்கித் திரும்பியிருக்கிறது.