திண்ணை விளிம்பு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பழைய வீட்டுக்காரர் ஒருவர் "முகப்பை எடுத்துக் கட்டலாம்னு இருக்கேன்" என்று சொன்னால், என் கண் முதலில் திண்ணையின் விளிம்புக்குத்தான் போகும். ஓடு உடைந்திருக்கலாம், தூணில் கறையான் ஏறியிருக்கலாம், சுவரில் உப்புப் பூத்திருக்கலாம். அவற்றுக்கெல்லாம் வழி உண்டு. விளிம்பு மட்டும் கூர் மழுங்கி, உருண்டு, வழவழவென்று நின்றால் போதும், அந்த வீட்டின் களை இன்னும் போகவில்லை என்று தைரியமாகச் சொல்லிவிடுவேன்.

பழைய கொத்தனார் அந்த உருட்டலை எப்படிக் கொண்டுவருவார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, நாள்கணக்கில் புளிக்க விட்ட சுண்ணாம்புக் காரை. கரணையால் அள்ளி அப்பி, மணியாசுக் கட்டையால் மேல்பரப்பை மட்டம் பார்ப்பார். மட்டம் என்றாலும் தெருப்பக்கம் ஒரு நூல் சரிவு இருக்கும், சாரல் தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்கு. விளிம்புக்கு வந்ததும் கட்டையைக் கீழே வைத்துவிடுவார். அதன் பிறகு உள்ளங்கைதான். மேலிருந்து கீழே, திரும்ப மேலிருந்து கீழே, ஒரே அழுத்தம். காரை இறுகத் தொடங்கும் பதத்தில் கூழாங்கல்லை எடுத்துத் தேய்ப்பார். அந்தப் பதம் முந்தினால் காரை கல்லோடு வந்துவிடும், பிந்தினால் மெருகு ஏறாது. சாயங்காலம் தெருவோடு விழுகிற வெயிலில் அந்த வளைவின் மேல் வெளிச்சம் ஒரே கோடாக ஓடினால் வேலை சுத்தம். கோடு எங்காவது நெளிந்தால் மறுபடி நனைத்துத் தேய்ப்பார். திண்ணைக் கோடியில் சாய்ந்துகொள்ள எழுப்பிய சாய்மானத்திலும் இதே கைதான். முதுகு எங்கே பதியும், தலை எங்கே நிற்கும் என்பதற்கு அவரிடம் எழுதி வைத்த அளவு கிடையாது. தானே உட்கார்ந்து சாய்ந்து பார்ப்பார், பிறகு ஒரு விரல் கனம் காரையைக் கூட்டுவார்.

இந்த வளைவு எல்லா ஊர்த் திண்ணைக்கும் அழகுதான். நெசவுத் தெருவுக்கு அது தேவையும்கூட. ராட்டையை வைத்துத் தார் சுற்றுவது திண்ணையில். விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டிய பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுபோவது திண்ணையைத் தாண்டி. பட்டு இழை எந்த முனையைக் கண்டாலும் மாட்டிக்கொள்ளும், மாட்டினால் அறும். அதனால்தான் இந்தத் தெருக்களில் கூர்முனையே இல்லாமல் வீடு கட்டினார்கள் என்பது என் எண்ணம். முகப்பில் வெள்ளைச் சுவர் வெறுமையாக நிற்க, வேலைப்பாடு முழுவதும் திண்ணையில் இறங்கி நிற்பதும் எனக்கு நம் கோர்வைப் புடவையையே நினைவூட்டும். உடல் எவ்வளவு வெறுமையோ, கரைக்கு அவ்வளவு எடுப்பு.

இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு. பழமையில் அவர்களுக்கும் ஆசைதான், ஆனால் அந்த ஆசை செட்டிநாட்டைச் சுற்றியே வருகிறது. காரைக்குடியில் பிரித்துப்போட்ட வீட்டின் தேக்குத் தூணை வாங்கி வருகிறார்கள், ஆத்தங்குடிக் கல்லைத் திண்ணையில் பதிக்கிறார்கள், நிலைக்கு மேல் கஜலட்சுமி வைக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் மேல் எனக்குக் குறைந்த மதிப்பு இல்லை. அது பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்களின் வீடு, அகலமான வளவுக்கும் பெரிய கூட்டத்துக்கும் கட்டியது. பத்தடிக் கூடத்தில் குழித்தறியை வைத்துக்கொண்டு வாழ்ந்தவரின் வீட்டு முன்னால் அந்தத் தூணை நிறுத்தினால் தூண்தான் தெரியும், வீடு தெரியாது. நம் வீட்டுக்கு என்ன அளவு என்று பார்க்க விரும்புகிறவர்கள் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போகலாம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் செட்டிநாட்டு வணிகர் வீடும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு வாதாடுவோம்.

இன்னொரு கட்சி 'எலிவேஷன்' கட்சி. இடுப்பளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ், மேலே சிமெண்டுப் பூச்சு, பக்கத்தில் எவர்சில்வர் கம்பி. துடைத்தால் போதும், வருஷா வருஷம் வெள்ளையடிக்க வேண்டாம் என்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் சுண்ணாம்பிலும் மண்ணிலும் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டும் டைல்ஸும் விடாது. அடைபட்ட ஈரம் மேலே ஏறும், உள்பக்கம் திரும்பும், உப்பாகப் பொரிந்து செங்கல்லையே மாவாக உதிர்க்கும். அந்தச் சுவருக்கு உள்பக்கத்தில் என்ன இருக்கிறது? தறி, பட்டு, ஜரிகை. முகப்பை மினுக்கப் போய்த் தொழிலிடத்தை நனைத்துக்கொள்கிறோம்.

இதற்குப் பாடம் நம் தெருக்கோடியிலேயே இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எடுத்த கைலாசநாதர் கோயில் மணற்கல்லால் ஆனது. பல்லவச் சிற்பங்களின் மேல் பிற்காலத்தார் சுதையை அப்பியதில் எத்தனையோ முகங்கள் தடித்துப் போயின. 1931-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் அங்கே பல்லவ ஓவியங்களைக் கண்டது பிற்காலப் பூச்சுக்கு அடியில்தான். அழகு சேர்க்கிறேன் என்று அப்புகிற ஒவ்வொரு கையும் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் சுரண்டிப் பார்க்க வேண்டும். நம் தெருவிலும் நாலு கோட் எனாமல் பெயிண்டுக்கு அடியில் நல்ல காரைத் திண்ணை இருக்கும்.

பழைய கட்டடத்தைச் செப்பனிடு, புதிதாக்காதே என்று 1877-லேயே இங்கிலாந்தில் சங்கம் வைத்துச் சொன்னவர் வில்லியம் மோரிஸ். 1879-ல் அவர் படுக்கையறையில் தறி போட்டுத் தானே நெய்து பழகியவர், ஆகவே நமக்கு உறவுக்காரர். கைவினைதான் வீட்டுக்கு அழகு என்ற அவர் பேச்சு கடல் தாண்டி, அமெரிக்காவில் அகன்ற இறவாணமும் முன்தாழ்வாரமும் தெரியும் கைமரங்களுமாக ஒரு வீட்டு வகையாகவே ஆனது. கொழும்புத் தமிழர் சர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி இங்கிலாந்தில் குடியிருந்த வீடு, பாழடைந்து கிடந்த ஒரு பழைய தேவாலயம். அதை இடிக்காமல் குடியிருக்கும்படி செப்பனிட்டுக் கொடுத்தவர் மோரிஸ் வழிவந்த ஆஷ்பி. இலங்கைக் கைவினைஞர்களைப் பற்றிய தம் பெரிய நூலை 1908-ல் மோரிஸின் பழைய அச்சு இயந்திரத்திலேயே குமாரசுவாமி அச்சிட்டார். எந்த ஊரானாலும் கைவேலை அறிந்தவர்கள் பழைய சுவரை ஒரே மாதிரிதான் தொட்டிருக்கிறார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாட்டு ஓடு கிடைத்தால் நாட்டு ஓடு, கிடைக்காவிட்டால் மங்களூர் ஓடு, தகர ஷீட் மட்டும் வேண்டாம். கைமரத்துக்கு எண்ணெய் போதும். சுவருக்கு நீலம் ஒரு துளி கலந்த சுண்ணாம்பு, அடியில் காவிப் பட்டை. மின்கம்பியும் கேபிளும் முகத்துக்கு நேரே தொங்காமல் ஓரமாகப் போகட்டும். பாண்டிச்சேரி வைசியாள் வீதியில் வரிசையாகத் திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் மீட்டிருக்கிறார்கள். ஒரு வீடு தனியாக மினுக்கினால் அழகில்லை, திண்ணையோடு திண்ணை சேர்ந்தால்தான் தெரு.

எனக்கு ஆறாத ஒரு குறை தெருவைப் பற்றியது. சிறுவயதில் நான் ஏறுவதற்குக் காலைத் தூக்கிப் போட்ட திண்ணைகளில் இன்று சாலையிலிருந்து நேரே நடந்து போய் உட்காரலாம். பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் சிமெண்டுச் சாலை என்று தெரு உயர்ந்து உயர்ந்து படிகள் புதைந்துவிட்டன. மழைத் தண்ணீர் தறிக்குழியை எட்டிப் பார்க்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று தமிழகத் தலைமைச் செயலர் 2021-ல் உத்தரவு போட்டார். அது ஒவ்வொரு நெசவுத் தெருவிலும் நடந்தால் நம் வீடுகளின் முகத்துக்கு அதைவிடப் பெரிய அலங்காரம் இல்லை. சாலை போட வருகிறவர்களிடம் இதைக் கேட்க வேண்டியது தெருக்காரர்களாகிய நாம்தான்.

கையில் பணம் கொஞ்சம்தான் என்கிறவர்களுக்கு என் யோசனை: முதல் செலவு திண்ணைக்கு. பெயிண்டும் கேட்டும் விளக்கும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். சுண்ணாம்பின் பதம் தெரிந்த கொத்தனார்களோ நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படி ஒருவரை இந்த வருஷமே கூப்பிடுங்கள். கூட ஒரு இளைய கொத்தனாருக்கும் கூலி கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்த வீட்டுத் திண்ணைக்கு அந்தக் கை வேண்டும்.