தானாக நீந்தும் துகள்களும் என்ட்ரோபிக் கணக்கும்

பாக்டீரியாக்கள் நீந்தும் திரவத்தில், பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்த நுண்ணிய சக்கரத்தை இட்டால் அது ஒரே திசையில் சுழல்கிறது. 2010இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் தனித்தனியே இதைச் செய்துகாட்டின. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சுற்று. பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனைக் கூட்டியும் குறைத்தும் அந்த வேகத்தை மாற்ற முடிந்தது. வெறும் தண்ணீரின் மூலக்கூறுகளும் சக்கரத்தை ஓயாமல் மோதுகின்றன. ஆனால் சமநிலையில் இருபுற மோதல்களும் சரிக்குச் சரியாகிவிடும். பல்லின் வடிவம் எதுவானாலும் சக்கரம் ஒரே திசையில் ஓட வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இடந்தராது. பாக்டீரியாவும் அந்த விதியை மீறவில்லை. ஒவ்வொன்றும் தன் எரிபொருளைச் செலவிட்டு நகர்வதால் அங்கே சமநிலையே இல்லை. இத்தகைய ‘ஆக்டிவ் மேட்டர்’ பொருள்களுக்கு வெப்பநிலையைவிட என்ட்ரோபி உற்பத்தியே (ஓர் இயக்கம் எவ்வளவு மீளாதது என்பதன் அளவு) தகுந்த அளவுகோல். ஆனால், எதையெல்லாம் கணக்கில் சேர்த்தோம் என்று சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

வெப்பநிலையை அவ்வளவு எளிதில் கைவிடலாமா என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஒரு பாதியில் பிளாட்டினம் பூசிய நுண்கோளங்கள் ஹைட்ரஜன் பெராக்சைடில் தாமாக நகரும். அவை அடியில் படிவதை 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அளந்தபோது, உயரத்தோடு அடர்த்தி குறையும் விதம் சாதாரணக் கூழ்மத்தில் உள்ளது போலவே இருந்தது. வெப்பநிலை மட்டும் பல மடங்கு உயர்ந்ததாகத் தோன்றியது. துகள்கள் அடர்ந்தாலோ, சுவரை நெருங்கினாலோ இந்த ஒப்புமை நிலைப்பதில்லை. வாயுவின் அழுத்தத்தைச் சொல்ல அடர்த்தியும் வெப்பநிலையும் போதும். தாமாக நகரும் துகள்களைச் சுவர் திருப்பிவிடக்கூடிய இடங்களிலோ, அழுத்தம் சுவரின் தன்மையையும் பொறுத்தது என்று 2015இல் சோலோனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர்.

என்ட்ரோபி உற்பத்தியை அளக்கும் வழி வேறு. இயக்கத்தைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால் தெரியும் நகர்வு, இயல்பாக நிகழ எவ்வளவு வாய்ப்புள்ளது? முன்னோட்டத்தின் வாய்ப்புக்கும் பின்னோட்டத்தின் வாய்ப்புக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையே கணக்கின் அடிப்படை. நுண்கோளத்தைப் புள்ளியாக மட்டும் பார்த்தால் பின்னோட்டம் சந்தேகம் எழுப்பாது. பிளாட்டினப் பாதியும் தெரிந்தால் உடனே குட்டு வெளிப்படும்: பின்னால் இருக்கவேண்டிய பூச்சு முன்னால் வந்திருக்கும். ஒரே துகள், இரு விடைகள்.

இதனால் இந்த அளவுகோல் பார்ப்பவரின் விருப்பம் என்றாகிவிடாதா? ஆகாது. குறைவாகப் பார்ப்பவர் பெறுவது உண்மைச் செலவின் கீழ்வரம்பு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே பெரிய தகவல். எடுத்துக்காட்டாக, இத்துகள்கள் அடர்ந்த பகுதியாகவும் ஐதான பகுதியாகவும் தாமே பிரியும் நிலை, வாயு திரவமாவதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. அடர்த்தியை மட்டும் கவனித்த நார்டினி குழுவின் 2017 ஆய்வு, மீளாத்தன்மை பெரும்பாலும் இரு பகுதிகளின் எல்லையில் குவிந்திருப்பதைக் கண்டது. பகுதிகளுக்கு உள்ளே ஒவ்வொரு துகளும் எரிபொருளைச் செலவிட்டாலும், கூட்டு நடத்தை அங்கே சமநிலையைப் போன்றே இருக்கலாம். எங்கே பழைய கோட்பாடு போதும், எங்கே போதாது என்பதை எல்லா எரிபொருளையும் கூட்டிய ஒற்றை எண் காட்டித்தராது.

பெங்களூரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட நுண் எஞ்சினையும் இப்படியே படிக்கவேண்டும். பாக்டீரியாத் திரவத்தில் லேசரால் பிடித்த துகளைக் கொண்டு ஸ்டெர்லிங் சுழற்சி நடத்தி, சமநிலைத் திரவத்தில் எட்ட முடியாத பயனுறுதிறனைப் பெற்றார்கள். அந்தத் திறன் துகளின் வரவு செலவை மட்டும் எண்ணியது. பாக்டீரியாவின் உணவு அதில் இல்லை. இதைச் சொல்வது சாதனையைக் குறைப்பதாகாது. வெப்ப எஞ்சின்களின் திறனுக்கு உச்ச எல்லையான கார்னோ வரம்பு இங்கே ஏன் பொருந்தவில்லை என்பதற்கான விளக்கமே அதுதான்.