மேகம் சொன்னதும் கருவி சொன்னதும்

1995 ஏப்ரல் 1 அன்று ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி, ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கழுகு நெபுலாவின் நடுப்பகுதியைப் படமெடுத்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர்களான ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் உருவாக்கிய அந்தப் படம் ‘படைப்பின் தூண்கள்’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படலாயிற்று. அறிவியல் படங்களுள் மக்கள் மனத்தில் அதைப்போல் பதிந்தவை மிகச் சிலவே. ஆயினும் அதைக் கண்டு வியந்தோர் பலரும் அறியாத ஒன்றுண்டு. அத்தூண்களின் அருகே சென்று நின்றாலும் அந்த நிறங்களை மனிதக் கண் காணாது.

அப்படியானால் அப்படம் பொய்யா? இவ்வினாவுக்கு விடை காண அது உருவான முறையை அறிய வேண்டும். நெபுலா என்பது வாயுவும் தூசியும் கலந்த பெருமுகில். அருகிலுள்ள இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிர் பட்டதும் அவ்வாயுவின் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளிர்கிறது. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரிலும், கந்தகம் 672 நானோமீட்டரை ஒட்டியும், ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரிலும் ஒளி தருகின்றன. சில நானோமீட்டர் அகலமுள்ள ஒளியை மட்டும் உள்ளே விடும் குறும்பட்டை வடிகட்டியைப் பொருத்தினால் ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனியே படமெடுக்கலாம். ஹைட்ரஜனின் ஒளியும் கந்தகத்தின் ஒளியும் நம் கண்ணுக்குச் சிவப்பாகவே தோன்றும். எனவே கந்தகத்துக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் தந்து மூன்றையும் ஒன்றிணைத்தனர். இன்று ‘ஹபிள் வண்ணமுறை’ எனப்படுவது இதுவே.

இது பொய்யன்று. நிலப்படத்தில் மலைக்குப் பழுப்பும் கடலுக்கு நீலமும் தீட்டுவது போன்ற குறியீடு இது. குறியீட்டின் விதி வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அவ்விதியைக் கொண்டு எவரும் நிறத்திலிருந்து தனிமத்துக்குத் திரும்பிச் செல்லலாம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் உண்மையாகவே வந்து சேர்ந்த ஒளி இருக்கிறது. நிறம் மாற்றப்பட்டது; சாட்சியம் மாற்றப்படவில்லை.

இம்முறை இன்று ஆர்வலர்களின் வீட்டு மாடிக்கு வந்துவிட்டது. குறும்பட்டை வடிகட்டி நகர விளக்குகளின் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், நகரத்தில் வாழ்பவரும் நெபுலாவைப் படமெடுக்க முடிகிறது. குளிரூட்டப்பட்ட கேமராவில் சில நிமிட நீளமுள்ள படங்களை இரவு இரவாக எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி காண்கிறார்கள். இவ்வாறு எடுத்த படத்தின் கீழே தொலைநோக்கியின் அளவு, வடிகட்டியின் அகலம், எத்தனை மணி நேர ஒளி என்பவற்றைக் குறிப்பது அவர்களிடையே நிலவும் நன்மரபு. அது பெருமைக்காக எழுதப்படுவதன்று. படத்தை எவரும் சோதித்துப் பார்க்கலாம் என்று தரும் வாக்குறுதி.

இம்மரபை இன்று சோதனைக்குள்ளாக்கி இருப்பது செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைக் கூர்மையாக்கும் கருவிகள். தரையிலிருந்து பார்க்கும் எவருக்கும் வளிமண்டலத்தின் நடுக்கம் ஒரு திரை. அது ஒரு விண்மீனை ஏறத்தாழ 2 ஆர்க்செகண்டு அகலமுள்ள மங்கலாக விரித்துவிடுகிறது. நிலவின் விட்டத்தில் 900இல் ஒரு பங்கே ஆன அந்த அளவு, கழுகு நெபுலாவின் தொலைவில் நெப்டியூனின் சுற்றுப்பாதையை அறுபது முறைக்கு மேல் பக்கம் பக்கமாக வைக்கத்தக்க இடைவெளியாகும். அதற்குள் அடங்கிய நுட்பங்கள் யாவும் தரையிலிருந்து எடுத்த படத்தில் கலங்கிப் போகின்றன.

கலங்கியதைத் தெளியச் செய்யும் முயற்சி புதிதன்று. 1990இல் ஏவப்பட்ட ஹபிளின் கண்ணாடி, விளிம்பில் சுமார் 2.2 மைக்ரான் அளவுக்குப் பிழையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. 1993இல் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும்வரை, ரிச்சர்ட்சன் 1972இலும் லூசி 1974இலும் வகுத்த கணக்குமுறை வானியலாளர்களுக்குக் கைகொடுத்தது. கருவி ஒரு புள்ளியை எவ்வாறு மங்கலாக்குகிறது என்பதை அளந்துகொண்டு, அந்த மங்கலைக் கணக்கால் பின்னோக்கி நீக்குவதே அம்முறை. அளவு மீறினால் விண்மீன்களைச் சுற்றிக் கரிய வளையங்கள் தோன்றும். அம்முறையின் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் என்பது கவனிக்கத்தக்கது.

புதிய கருவிகள் வேறு வழியில் இயங்குகின்றன. கூர்மையான படங்களைச் செயற்கையாக மங்கலாக்கி, மங்கலும் கூர்மையுமாகிய இணைகளை ஒரு நரம்பு வலையமைப்புக்குக் காட்டுகிறார்கள். இத்தகைய மங்கலுக்குப் பின்னால் பெரும்பாலும் இத்தகைய கூர்மை இருந்தது என்று அது கற்றுக்கொள்கிறது. பின்னர் நம் படத்தைக் கண்டதும், தான் கற்றவற்றைக் கொண்டு நுட்பங்களைத் தருகிறது. விளைவு அழகானது, கரிய வளையம் இல்லை, உறுத்தல் ஏதுமில்லை. சிக்கல் தொடங்குமிடமும் அதுவே.

இச்சிக்கலை எடைபோட ஒரு பழைய துலாக்கோல் நம்மிடம் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலின் மூன்றாம் பகுதியில் பார்வையின் பிழைகளை வகைப்படுத்தினார். புலனுணர்வில் நேரும் பிழை ஒன்று. முன்பே அறிந்ததை அடையாளம் காண்பதில் நேரும் பிழை மற்றொன்று. அனுமானத்தில் நேரும் பிழை மூன்றாவது. பார்த்தல் என்பது கண்ணோடு முடிவதன்று, நினைவும் தீர்ப்பும் அதில் கலந்திருக்கின்றன என்னும் ஆழ்ந்த கருத்து இப்பகுப்பில் அடங்கியுள்ளது.

இவ்வகைப்பாட்டை நம் பொருளுக்குப் பொருத்திப் பார்ப்போம். வளிமண்டல மங்கல் முதல்வகைப் பிழை. அதில் தெளிவின்மை உண்டு, பொய் இல்லை. செயற்கை நுண்ணறிவு செய்யக்கூடியது இரண்டாம் வகைப் பிழை. தொலைவில் வருபவர் யாரெனத் தெரியாதபோது, அறிந்த ஒருவரின் முகத்தை அவர்மீது பொருத்திவிடும் கண்ணின் பிழை அது. முதல்வகைப் பிழையுள்ள படம் ‘எனக்குத் தெரியவில்லை’ என்கிறது. இரண்டாம் வகைப் பிழையுள்ள படமோ தெரியாததையும் தெரிந்ததாகவே சொல்கிறது.

இக்கருவிகளின் சார்பில் சொல்லப்படுவதையும் கேட்பதே நேர்மை. ரஸ்ஸல் குரோமன் 2022 இறுதியில் வெளியிட்ட பிளர்எக்ஸ்டெர்மினேட்டர் போன்றவை வானியல் படங்களுக்கென்றே உருவானவை. படத்தின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள விண்மீன்கள் எவ்வாறு மங்கியுள்ளன என்பதைக் கொண்டு அவை திருத்தம் செய்கின்றன. பறவையின் இறகையும் மனித முகத்தையும் கூர்மையாக்கப் பழகிய பொதுக் கருவிகளோடு இவற்றை ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. விண்மீன்களைப் பொறுத்தவரை இக்கருவிகளின் முன்னறிவும் சரியானதே. அவ்வளவு தொலைவில் விண்மீன் ஒரு புள்ளி என்பது நாம் உறுதியாக அறிந்த உண்மை. விரிந்ததை மீண்டும் புள்ளியாக்கினால் எதுவும் புனையப்படுவதில்லை.

ஆனால் நெபுலாவின் இழைகளுக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. ஒரு வாயு இழை எங்கே முறியும், எங்கே இரண்டாகப் பிரியும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. அதை அறியத்தான் படமே எடுக்கிறோம். அங்கே கருவி வரையும் கோடு மேகத்தினுடையதா, பயிற்சியின் நினைவா என்பதைப் படத்தைப் பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாது. புகழ்பெற்ற ஒரு நெபுலாவின் ஹபிள் படம் கருவியின் பயிற்சியில் இடம்பெற்றிருந்தால், சிறிய தொலைநோக்கியில் எடுத்த படத்தில் மலரும் நுட்பம் உண்மையோடு ஒத்துப்போகவும் கூடும். அப்போதும் அது அந்த ஆர்வலர் கண்டதன்று. இன்னொருவர் கண்டதை அவர் பெயரால் சொல்வதாகும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2023இல், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவின் படத்தைக் கணினித் திரையில் வைத்து ஒரு கைப்பேசியால் படமெடுத்தபோது, மூலத்தில் இல்லாத நுட்பங்களை அக்கைப்பேசி நிரப்பித் தந்தது பரவலாக விவாதிக்கப்பட்டது. நிலவின் முகம் எல்லோரும் அறிந்தது. அதனால் சோதிக்க முடிந்தது. யாரும் இதுவரை காணாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டுச் சோதிப்பது?

அத்தகைய ஒன்று உண்மையில் கிடைத்ததுமுண்டு. ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தின் அருகே ஆக்சிஜன் ஒளியில் மட்டும் தெரியும் ஒரு பெரும் வில்லை மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர், யான் சைந்தி ஆகிய ஆர்வலர்கள் கண்டனர். 2023இல் வானியலாளர்களோடு இணைந்து அதை ஆய்விதழில் அறிவித்தனர். வானில் ஒன்றரைப் பாகை நீளம், அதாவது மூன்று முழுநிலவுகளின் அகலம். எத்தனையோ தொலைநோக்கிகள் நோக்கிய திசையில் அது அதுவரை அறியப்படாமலே இருந்தது. வேறு தொலைநோக்கிகளாலும் கேமராக்களாலும் உறுதிசெய்த பின்னரே அது ஏற்கப்பட்டது. இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்து கிடந்த அந்த மங்கலான தடத்தை நம்பச் செய்தது கூர்மையன்று. மாசுபடாத ஒளியின் கணக்கு. ஆர்வலர்களின் படங்கள் யாவும் நுட்பங்களைப் புனையக்கூடியவை என்ற ஐயம் வேரூன்றிவிட்டால், நாளை இத்தகைய கண்டுபிடிப்பைச் சொல்பவரை யார் நம்புவார்? இழப்பு அழகியலுக்கன்று, அறிவுக்கே.

அதே ஆந்திரமேடாவை ஒரு மேகத் திட்டாக ஏறத்தாழ 964ஆம் ஆண்டில் தம் நூலில் பதிவு செய்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. தாலமியின் விண்மீன் பட்டியலை அவர் கண்மூடிப் படியெடுக்கவில்லை. விண்மீன்களின் பிரகாசத்தைத் தம் கண்ணால் மீண்டும் மதிப்பிட்டார். தாலமி சொன்னதோடு தாம் கண்டது மாறுபடுமிடத்தில் அதைச் சொன்னார். ஒவ்வொரு விண்மீன் குழுவையும் வானில் தெரிவதுபோல் ஒன்றும் கோளத்தில் தெரிவதுபோல் ஒன்றுமாக இருமுறை வரைந்தார். தாம் பெற்றது எது, தாம் கண்டது எது என்னும் பிரிவை அவர் கலைக்கவில்லை.

இன்றைய படைப்பாளியிடம் நாம் வேண்டுவதும் இவ்வளவே. கருவியைக் கைவிடுமாறு கேட்கவில்லை. எக்கருவியை எந்த அளவில் பயன்படுத்தினார் என்று படத்தின் கீழே எழுதட்டும். கூர்மையாக்காத வடிவத்தையும் அருகில் வைக்கட்டும். ஸூஃபியைப் போல் இரண்டு படங்கள்: மேகம் சொன்னது ஒன்று, கருவி சொன்னது ஒன்று.