கல்யாண கேசட்டைக் கணினிக்கு மாற்ற எந்தக் கருவி?

பழைய விஎச்எஸ் கேசட்டைக் கணினிக்கு மாற்றும் கருவி எதைச் சோதித்தாலும், முதலில் நான் ஓட்டிப் பார்ப்பது ஒரு கல்யாண கேசட்டில் தாலி கட்டும் கட்டத்தைத்தான். கெட்டிமேளம் முழங்கும்போது தவில்காரரின் கை ஒவ்வொரு அடியிலும் தெளிவாகத் தெரிகிறதா, கலங்கலாக ஓடுகிறதா என்பதிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும். அதே நேரத்தில் அட்சதை பறக்கிறது, வீடியோ லைட்டின் வெளிச்சத்தில் பட்டுச்சேலை வெளுக்கிறது, கேமராவும் ஆடுகிறது. மட்டமான கருவியைத் திணறடிக்க அந்த அரை நிமிடமே போதும்.

நம் நாட்டு கேசட்டுகள் ‘பால்’ முறையில் பதிவானவை. நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும், இரட்டைப்படை வரிகள் அதற்கு அடுத்த கணத்தையும் காட்டுகின்றன. ஆகவே நொடிக்கு 50 அசைவுகள் நாடாவில் இருக்கின்றன. அந்த 50-ஐயும் கைவைக்காமல் 720-க்கு 576 அளவில் கணினியிடம் ஒப்படைப்பதுதான் கருவியின் வேலை. அழகுபடுத்தும் வேலையைப் பிறகு கணினியில் பொறுமையாகச் செய்துகொள்ளலாம். பதிவாகும்போதே தொலைந்த அசைவை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இந்த அளவுகோலில் முதலில் கழிந்தது, மூன்று வண்ண ஒயரை ஒரு பக்கம் செருகி மறுபக்கம் எச்டிஎம்ஐ எடுக்கும் சின்னப் பெட்டி. 1080 வரித் தரம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. விஎச்எஸ் நாடாவில் பக்கவாட்டில் சுமார் 240 கோடு அளவுக்குத்தான் விவரம் உண்டு. அதற்கு மேல் எந்தப் பெட்டியாலும் கொண்டுவர முடியாது. நான் பார்த்த பெட்டி ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்ற இரண்டு பாதிப்படங்களை ஒன்றாகக் குழைத்து, 50-ஐ 60 ஆக்கி, 4:3 படத்தை அகலத்திரைக்கு இழுத்துவிட்டது. மாப்பிள்ளை முகம் அகன்றுபோனது. தவில்காரர் கை தத்தித் தத்தி நகர்ந்தது. கேசட் மாற்ற இதை வாங்கவே வேண்டாம்.

அடுத்தது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெயர் தெரியாத யூஎஸ்பி டாங்கிள். இதில் சிக்கல், ஒரே மாதிரி உறைக்குள் வேறுவேறு சிப்கள் இருப்பது. யுடிவி007, எஸ்டிகே1160, இஎம்2860 என எது உள்ளே இருக்கும் என்பதைக் கணினியில் செருகிய பிறகுதான் அறிய முடியும். எனக்கு வந்ததில் படம் சுமார். ஒலிதான் கேசட் ஓட ஓடப் பின்தங்கி, மந்திரம் ஒரு பக்கமும் புரோகிதர் வாய் ஒரு பக்கமுமாகப் போனது.

மூன்றாவதாகப் பார்த்த ஹாப்பாஜ் யூஎஸ்பி லைவ் 2 விலையில் பல மடங்கு. ஆனால் கேட்ட வேலையைச் செய்கிறது. 50 அசைவுகளும் வருகின்றன, தவில்காரர் விரல்கூடத் தெரிகிறது. மஞ்சள் ஒயரோடு எஸ்-வீடியோ வழியும் இருக்கிறது. எஸ்-விஎச்எஸ் டெக் கையில் இருந்தால் அந்த வழியையே பயன்படுத்துங்கள். வெளிச்சமும் வண்ணமும் தனித்தனியாக வருவதால் ஜரிகை ஓரங்களில் வண்ணப் பொரிச்சல் குறையும்.

இத்தோடு செலவை முடித்துக்கொள்ளலாமா என்றால், கூடாது என்பேன். டெக்கில் நாடா ஒரே சீரான வேகத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொரு வரியும் துளி முன்னே பின்னே தொடங்கும். பழைய குழாய் டிவி அதைப் பொறுத்துக்கொண்டது. டிஜிட்டல் சிப் பொறுத்துக்கொள்ளாது. வரி தவறினால் படத்தையே விட்டுவிடும். படம் விடுபட விடுபட ஒலி விலகும். இந்தத் தள்ளாட்டத்தைச் சீராக்கும் ‘டைம் பேஸ் கரெக்டர்’ தொழில்முறைக் கருவியாக வாங்கினால் விலை மிக அதிகம். ஆனால் பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 என்ற பழைய டிவிடி ரெக்கார்டர்களுக்குள் அதன் ஒரு பகுதி வேலை நடக்கிறது. டிவிடி எழுதும் பாகம் பழுதானாலும் பரவாயில்லை, டெக்கிலிருந்து அதற்குள் செலுத்தி, அதிலிருந்து யூஎஸ்பி கருவிக்கு எடுத்தால் போதும். வளைந்து நின்ற பந்தல் கால்கள் நேராவதைக் கண்ணால் பார்க்கலாம். யாராவது பழைய பொருட்கடையில் போடுவதாகச் சொன்னால் உடனே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மென்பொருளில் என் விருப்பம் வர்ச்சுவல்டப். விடுபட்ட படங்களின் எண்ணிக்கையைப் பதிவின்போதே திரையில் காட்டும்; அந்த எண் ஏறினால் நிறுத்தி ஒயரையும் டெக்கையும் பார்க்கலாம். ஓபிஎஸ் பயன்படுத்துவோர் நொடிக்கு 50 என்று மாற்றி, பாதிப்படங்களைப் பிரிக்கும் முறையாக ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் பாதி அசைவு போய்விடும். இழப்பில்லாத ஹஃப்யூவ் முறையில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 35 ஜிபி பிடிக்கும். மூன்று மணி நேர இ-180 கேசட்டுக்கு 105 ஜிபிக்கு மேல் ஒதுக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சின்னப் பிரதி தனியே எடுத்துக்கொள்ளலாம்.

கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர்களுக்கு ஒரு சொல்: ஊரிலிருந்து போன கேசட் அங்கும் ‘பால்’தான். அங்கே விற்ற சாதாரண என்டிஎஸ்சி டெக்கில் அது ஒழுங்காக ஓடாது; இரண்டு முறைகளையும் ஏற்கும் டெக் வேண்டும்.

டெக்கில் போடும் முன் கேசட் ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலப் பூஞ்சை தெரிந்தால் போடாதீர்கள். அது ஹெட்டில் ஒட்டி, அடுத்து ஓடும் கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். கடைசியாக டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. இன்று ஓடும் ஒவ்வொரு டெக்கும் பழையது, ரப்பர் உருளைகள் இறுகிக்கொண்டிருக்கும். அதனால் வேறெங்கும் பிரதி இல்லாத வீட்டுக் கேசட்டுகளை முதலில் போடுங்கள், கடையில் வாங்கிய சினிமா கேசட்டுகள் காத்திருக்கட்டும்.