அடிமையா, வேலைக்காரனா?

ஒரு பாஷையிலுள்ள நூலை மற்றொரு பாஷையிற் பெயர்ப்பவன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே இடுதல் வேண்டும். கதைப் புத்தகத்தில் ஒரு சொல் பிசகினால் சுவை மட்டுமே கெடும். கோடிக்கணக்கான மக்கள் வேதமென்று போற்றும் நூலிற் பிசகினாலோ, அதனைக் கேட்டு நடப்போரின் வாழ்வே திரிந்துபோம். கிரேக்க மொழியில் எழுந்த புதிய ஏற்பாட்டில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட இடங்களில் வரும் 'டூலொஸ்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

டூலொஸ் என்றால் அடிமை. அக்காலத்து உரோம ஆட்சியில் அடிமை என்பவன் விலைக்கு வாங்கவும் விற்கவும்படும் உடைமை. போரிற் பிடிபட்டோரும், அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்தோரும், கடற்கொள்ளையர் கையிற் சிக்கினோரும் சந்தைக்கு வந்தனர். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் அடிமையை உயிருள்ள கருவியென்றே வகுத்தார். வேலை செய்பவனைக் குறிக்க அம்மொழியில் வேறு சொல் இல்லாமலுமில்லை. பந்தியிற் பரிமாறித் தொண்டு செய்பவன் 'டியாகொனொஸ்'. கூலிக்கு அமர்ந்தவன் 'மிஸ்தியொஸ்'. கூலி பெறுவோன் வேறு, அடிமை வேறு என்பதை அம்மொழியார் தெளிவாக அறிந்திருந்தனர்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்திலுள்ள கெட்ட குமாரன் கதையைப் பாருங்கள். ஊதாரியாய்த் திரிந்து பசியால் வாடிய இளையவன், தகப்பனிடம் போய் மிஸ்தியொஸ்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்பதென்று எண்ணுகிறான். அவன் திரும்பி வந்ததும், உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரும்படி தகப்பன் தன் டூலொஸ்களுக்குக் கட்டளையிடுகிறான். கோபித்து வெளியே நிற்கும் மூத்தவனோ, இத்தனை வருஷம் உமக்கு உழைத்தேனே என்று முறையிடும்போது, டூலொஸ் என்பதோடு ஒரே வேரிற் பிறந்த வினையை வழங்குகிறான். மகனாயிருந்தும் அடிமையாக உழைத்தேன் என்பதே அவன் மனக்குறை. தமிழ் வேதாகமம் இளையவன் வாயில் 'கூலிக்காரர்' என்று சரியாகவே வைத்தது. ஆனால் தகப்பன் ஏவுவது 'ஊழியக்காரரை' என்றும், மூத்தவன் செய்தது 'ஊழியம்' என்றும் எழுதிற்று. ஆகவே மூத்தவனின் கசப்பு தமிழில் பாதியாய்க் குறைந்துவிட்டது.

ஆங்கிலத்தார் செய்தது இதனினும் பெரிது. 1611இல் ஜேம்ஸ் அரசன் ஆணையால் வெளிவந்த ஆங்கில வேதாகமம் முழுவதிலும் அடிமையை நேரே குறிக்கும் 'ஸ்லேவ்' என்னும் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. அவ்விரண்டிலும் மூலத்தில் டூலொஸ் இல்லை! எரேமியாவில் உள்ளது பெயர்த்தவர்கள் தாமாகச் சேர்த்தது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் வணிகச் சரக்குகளின் வரிசையில் வருவதோ, கிரேக்கத்தில் 'உடல்கள்' என்னும் சொல். மனிதரை உடல்களென்று எண்ணி விற்ற காலம் அது. டூலொஸ் வந்த இடங்களிலெல்லாம் பெரும்பாலும் 'செர்வன்ட்' என்றே எழுதினர்.

பெயர்த்தவர் பக்கத்து நியாயத்தையும் கூறிவிடுதல் முறை. எபிரேயத்தில் 'எபெத்' என்னும் சொல் அடிமைக்கும் உரியது. அரசனின் அதிகாரிக்கும், கடவுளின் அடியாராகிய தாவீது முதலியோர்க்கும் உரியது. பழைய கிரேக்கப் பெயர்ப்பு அதற்குப் பலவிடங்களில் டூலொஸ் என்று வைத்தது. ஆதலின் பவுல் தம்மைக் கிறிஸ்துவின் டூலொஸ் என்று கூறிக்கொள்வதில் தாழ்வோடு ஒரு பெருமையும் உண்டு. அவ்விடத்தில் 'ஊழியக்காரன்' என்பதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்கலாகாத இடம் ஒன்றுண்டு. 1871இல் ஹென்றி பவர் முதலியோர் முடித்த தமிழ்ப் பெயர்ப்பு, பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் கிறிஸ்து தம்மைத் தாழ்த்தியதைச் சொல்லுமிடத்தில் 'அடிமை' என்கிறது. கலாத்தியர் நிருபத்தில் அடிமைக்கும் சுயாதீனனுக்கும் பேதமில்லை என்னுமிடத்திலும், ஒநேசிமு என்னும் அடிமைக்காகப் பிலேமோனிடம் பரிந்து பேசுமிடத்திலும் 'அடிமை' என்றே எழுதிற்று; இவற்றுள் முதலிலும் கடைசியிலும் ஆங்கிலம் 'செர்வன்ட்' என்று மழுப்ப, தமிழ் நேர்மையாக நின்றது. இத்துணை அறிந்தவர்கள் எபேசியருக்கு எழுதிய நிருபம் 6ஆம் அதிகாரத்துக்கு வந்ததும், எஜமானுக்கு அச்சத்தோடு கீழ்ப்படியும்படி டூலொஸ்களை நோக்கிச் சொல்லுமிடத்தில், 'வேலைக்காரரே' என்று விளித்துவிட்டனர். தத்துவம் பேசுமிடத்தில் அடிமை. கீழ்ப்படியச் சொல்லுமிடத்தில் வேலைக்காரன்!

இதன் விளைவை நான் கண்ணாரக் கண்டேன். தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நான், நண்பரொருவர் அழைப்பின்பேரில் ஒரு ஞாயிறன்று சிற்றாலயமொன்றிற்குச் சென்றிருந்தேன். அவ்வசனம் வாசிக்கப்பட்டது. முன்வரிசையில் இருந்த பால்மரத் தொழிலாளர் தங்களுக்கே சொல்லப்பட்டதாகத் தலைகுனிந்து கேட்டனர். அவர்கள் பெயர்களை நாள்தோறும் செக்ரோலில் எழுதுபவன் நான். பெயருக்கு நேரே நாளும் கூலியும் உண்டு. நோட்டீஸ் கொடுத்து விலகும் உரிமையும் உண்டு. கிரேக்கன் இவர்களைக் கண்டிருந்தால் மிஸ்தியொஸ் என்பானேயன்றி டூலொஸ் என்னான்.

'அடிமைகளே' என்று வாசித்திருப்பின் என்னாகும்? "நாங்கள் அடிமைகளல்லவே" என்று அவர்களில் ஒருவனேனும் நிமிர்ந்து பார்த்திருப்பான். 1834இல் ஆங்கிலேயர் தம் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த பின்னும் இக்கட்டளை யாரைக் கட்டும் என்னும் வினா எழுந்திருக்கும். சரியான சொல் கேள்வியை எழுப்பும். மென்மையான சொல் அதனைத் தூங்க வைக்கும்.

1807இல் இலண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே வேதாகமப் பகுதிகளைத் தெரிந்தெடுத்து ஒரு நூலை அச்சிட்டனர். இஸ்ரவேலர் எகிப்தினின்று விடுதலை பெற்ற வரலாற்றை அதில் விட்டுவிட்டனர். எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனத்தை விடவில்லை. அவர்கள் வெட்டியெறிந்து செய்ததை இங்கே ஒரு சொல்லை மாற்றியே செய்தாயிற்று. வேண்டுமென்றே செய்தார்களென்று நான் பழி கூறேன். ஆயினும் பயன் ஒன்றே.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொதுப் பெயர்ப்பு அவ்விடத்தில் 'அடிமைகளே' என்று திருத்தியது பாராட்டத்தக்கது. ஆனால் பழைய பெயர்ப்பே இன்றும் பலர் கையில் இருக்கிறது. அதே அதிகாரம் எஜமான்களும் பயமுறுத்தலை விட்டொழிக்க வேண்டுமென்று கூறுவதையும் வாசிப்போர் மறக்கலாகாது.

அன்பர்களே! எந்த நூலாயினும், எவர் பெயர்த்ததாயினும், உங்களை விளித்து ஒரு கட்டளை வருமாயின், முதலில் அந்த விளி உங்களுக்குரியதுதானா என்று கேளுங்கள். கீழ்ப்படிவதும் மறுப்பதும் அதன் பின்னர்.