மீண்ட படமும் மெய்ப்பாடும்

வில்லியம் கில்லெட் எழுதி நடித்த 'ஷெர்லக் ஹோம்ஸ்' நாடகம் 1899இல் நியூயார்க்கு நகரில் அரங்கேறியது, 1916இல் ஊமைப்படமாயிற்று. மறைந்ததெனக் கருதப்பட்ட அப்படத்தின் படி 2014இல் பாரிசுத் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது. மேடையைப் பெயர்த்தெழுதும் படம் கலையாகாது என்பர் ஒரு சாரார். அக்கூற்று ஈண்டுப் பொருந்தாது. நாடக நூல் உரையாடலையும் மேடைக் குறிப்புகளையுமே தரும். கிடைத்த படியிலோ இடையெழுத்துகளும் பிரெஞ்சு மொழியின; கில்லெட்டின் சொல் அதில் இல்லை. எனினும், கையசைவைக் குறைத்து நோக்கினால் உணர்த்தும் அவர்தம் அடக்கத்தை அப்படமே காட்டுகின்றது. சொல் ஒழிந்துழியும் மெய்ப்பாடு நிற்கும் என்பதற்கு இது தக்க சான்றாம். ஆதலின், நூலையும் படத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்தலே நாடகத் திறனாய்வாளர் கடனாகும்.